எந்தத் துளையில் மாட்டுவது? – செய்யாறு, ஆரணி, வந்தவாசி மேடைகளில் நின்றபடி கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

போன ஆடியில் செய்யாற்றில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. கூழ் ஊற்றி முடித்து, ராத்திரி இன்னிசைக் கச்சேரி. மேடைக்குப் பக்கவாட்டில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே நின்று உங்களில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வயதுக்குள்தான் இருக்கும். கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் தொடை நடுவில் தொங்கியது. நின்ற தோரணையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரண்டு பாட்டும் சுலபமான கார்டுகள், தப்பித்தார். மூன்றாவது பாட்டில் எஃப் கார்டு வந்தது. இடது மணிக்கட்டு அரிவாள் மாதிரி வளைந்தது. ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் அழுத்தப் பார்த்தது, நாலுதான் பேசியது. உடனே தம்பி வலது முழங்காலைத் தூக்கி, தொடையால் கிட்டாருக்கு முட்டுக்கொடுத்து, ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்று அந்த இடத்தைக் கடந்தார். கூட்டம் அதை ஆட்டம் என்று நினைத்து விசிலடித்தது. பாட்டு முடிந்ததும் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு இடது கையை இரண்டு தரம் உதறினார்.

அந்த உதறலுக்காகத்தான் இந்த மடல்.

நான் ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார் வாசித்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சி மாநாடு என்று எல்லா மேடையும் பார்த்தாயிற்று. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு இடது கைப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறேன். மணிக்கட்டுக்குள் எலும்பும் தசைநாரும் சேர்ந்து ஒரு குறுகலான சந்து இருக்கிறதாம். அதற்குள் ஒரு நரம்பும், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றனவாம். மணிக்கட்டை மடக்கி வைத்தால் அந்தச் சந்தில் நெரிசல் கூடும், நசுங்குவது நரம்பு. கிட்டாரால் மட்டும்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் “எப்படி வாசிப்பீர்கள், நின்று காட்டுங்கள்” என்றார். நான் எழுந்து நின்று, இல்லாத கிட்டாரைத் தொடை நடுவில் பிடித்துக் காட்டினேன். “ஏன் அவ்வளவு கீழே?” என்று கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட வேண்டியவன்தான். எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிக்க வேண்டும். குழி எத்தனை அடி என்று அப்பா கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. ஆளை விளிம்பில் உட்காரவைத்து, முழங்காலிலிருந்து குதிகால் வரை ஒரு குச்சியால் அளந்து, மிதி அடியோடு இறங்கும்போது கால் எட்டிப் பிடிக்கக் கூடாது, மேலே வரும்போது முட்டி நெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று சரிபார்த்துத்தான் வெட்டுவார்கள். பதினாறு வயதில் நான் அப்பாவைவிட நாலு விரற்கடை வளர்ந்துவிட்டேன். அவர் தறியில் உட்கார்ந்தால் அரை முழம் நெய்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்து எனக்கு அடியில் போட்டார். அவ்வளவுதான், வலி நின்றது. அவர் மறுபடி உட்காரும்போது சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவார். நாளெல்லாம் மிதி மிதித்து, நாடா இழுத்துப் பிழைக்கும் வீட்டில் பிறந்தும், கிட்டார் ஸ்ட்ராப்பை மட்டும் நான் ஒரு போஸ்டரைப் பார்த்து அளந்தேன்.

எந்தப் போஸ்டர் என்று கேட்பீர்கள். எங்கள் தலைமுறைக்குக் கிட்டார் சினிமாவிலிருந்து வந்தது. 1979-இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ கமல், 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ மோகன். உங்களில் பலருடைய அண்ணன்மார் 2008-இல் ‘வாரணம் ஆயிரம்’ சூர்யாவை ரயிலில் கிட்டாரோடு பார்த்துவிட்டுத்தான் கடைக்கு ஓடினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரையில் கிட்டாரோடு தெரிந்தவர்கள் வாசிக்கவில்லை. நிஜமாக வாசித்தவர்கள் ஸ்டுடியோவில் எதிரே நோட்ஸ் ஸ்டாண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரில் தந்திக் கருவி என்றாலே உட்கார்ந்து வாசிப்பதுதான் வழக்கம். வீணை அப்படி, வயலின் அப்படி. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சம்மணமிட்டு வாசித்தார். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவும் சம்மணமிட்டுத்தான். மேற்கத்திய சாஸ்திரிய கிட்டாரிலும் செகோவியா இடது காலைச் சின்ன மணைமேல் வைத்து உட்கார்ந்தபடிதான் வாசித்தார். நின்று வாசிக்கும் வித்தையை நமக்குச் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாமல் போயிற்று. அதனால் படத்தைப் பார்த்து நின்றோம்.

வெளிநாட்டுப் படங்களையும் பார்த்தோம். பீட்டில்ஸ் 1964-இல் அமெரிக்க டிவியில் முதன்முதலாகத் தோன்றியபோது கிட்டார்கள் நெஞ்சை ஒட்டி இருந்தன. லெட் செப்பெலின் ஜிம்மி பேஜ் காலத்தில் அது இடுப்புக்குக் கீழே இறங்கியது. பிறகு வந்த ரமோன்ஸ் இன்னும் இறக்கினார்கள். ஆனால் ஜானி ரமோன் வாசித்ததைக் கவனித்துக் கேளுங்கள்: ஒரே மாதிரிப் பார் கார்டு, மேலிருந்து கீழாக மட்டும் அடிக்கும் அசுர அடி. அந்த அடிக்கு நீட்டிய வலக்கை வசதி. அவருக்குத் தேவையான உயரத்தில்தான் அவர் மாட்டியிருந்தார். ஸ்லாஷும் கீழேதான் மாட்டுவார், நிஜம்தான். சோலோ வரும்போது பாருங்கள், நெக்கைக் கிட்டத்தட்ட நட்டமாக நிமிர்த்திவிடுவார். டாம் மொரெல்லோ கிட்டாரை மார்புக்கே ஏற்றிக்கொண்டு, யாரும் எதிர்பாராத சத்தமெல்லாம் எடுக்கிறார். அவரைப் பார்த்து யாரும் “அழகாக இல்லை” என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இங்கேயே நின்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களைக் கேட்கவில்லை. நம் வட்டாரத்து அம்மன் கோயிலில் பம்பை அடிப்பவரைப் பாருங்கள். இரண்டு உருளையையும் ஒன்றன்மேல் ஒன்றாக இடுப்போடு கட்டிக்கொண்டு விடிய விடிய நடக்கிறார். பறை அடிப்பவர் இடது தோளில் வாரைப் போட்டு, பறையின் விளிம்பை உடம்போடு அணைத்து நிறுத்துகிறார். ஊர்வலத்தில் தவில்காரர் அவ்வளவு கனத்தைத் தோள் வாரில் மாட்டி, இரண்டு பக்கமும் கை தடையில்லாமல் போகும் மட்டத்தில் நிறுத்துகிறார். ஒரு பம்பைக்காரரிடம் கேட்டேன்: “எப்படிண்ணே உயரம் வைக்கிறீங்க?” அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “கை எங்க விழுதோ அங்கதாம்பா பம்பை இருக்கணும்” என்றார். புரிசைத் தெருக்கூத்தில் கட்டை வேஷம் கட்டுகிறவர்களும் அப்படித்தான். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் ஆடும் உடம்போடு சேர்த்து இறுக்குவார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். (இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடம், வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

கிட்டாரைக் கீழே இறக்கினால் வலக்கை சந்தோஷப்படும், இடக்கை அழும். மேலே ஏற்றினால் இடது மணிக்கட்டு நேராகும், விரல்கள் விரியும். ஆனால் வலது முழங்கை ரொம்ப மடங்கி, பாடியின் விளிம்பு முன்கையில் அழுந்தி, வலது மணிக்கட்டு தந்தியைத் தேடிக் கீழே வளையும். இரண்டு கைக்கும் ஒரே நேரத்தில் சொர்க்கம் கொடுக்கிற உயரம் கிடையாது. இரண்டும் சண்டை போடாத உயரம் ஒன்று உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும். கை நீளம், உடம்பு வாகு, தொப்பை (இருந்தால்), கிட்டாரின் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. அதனால்தான் யூடியூபில் “தொப்புளுக்கு மேல் இத்தனை அங்குலம்” என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

உங்கள் உயரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வழக்கம்போல் வலது தொடையில் வைக்காமல், இடது பாதத்துக்கு அடியில் இரண்டு செங்கல் கனத்துக்கு எதையாவது வைத்து, கிட்டாரை இடது தொடைமேல் வையுங்கள். ஏனென்றால் நிற்கும்போது கிட்டார் உடம்பின் நடுவுக்கு வந்துவிடும். வலது தொடையில் பழகிய கை அங்கே திணறும். கஷ்டமான கார்டு ஒன்றைப் பிடியுங்கள். எஃப் போதும். மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கிறதா, தோள் காதை நோக்கி ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நெக்கைத் தரைக்கு இணையாகப் படுக்கப்போடாதீர்கள். தலைப்பக்கம் தோள் உயரத்துக்கு வரட்டும். நெக்கை இப்படி நிமிர்த்தினாலே பாதிச் சிக்கல் தீரும். இப்போது உட்கார்ந்தபடியே ஸ்ட்ராப்பை மாட்டி, தொய்வு இல்லாமல் இறுக்குங்கள். எழுந்து நில்லுங்கள். கிட்டார் இருந்த இடத்திலேயே இருந்தால் முடிந்தது கதை. இரண்டு விரற்கடை இறங்கினால் பாதகமில்லை. ஒரு சாண் இறங்கினால் மறுபடி உட்காருங்கள்.

நின்றதும் ஒரு சோதனை. இரண்டு கையையும் கிட்டாரிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படியே நிற்கிறதா, தலை தரையைப் பார்த்துச் சாய்கிறதா? சாய்ந்தால் அந்தக் கனத்தை இவ்வளவு நாளும் உங்கள் இடக்கை தூக்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். தூக்குகிற கை எப்படி வாசிக்கும்?

இதற்கு என் சொந்தக் கதை ஒன்று உண்டு. ஆரணியில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டார் பட்டு வியாபாரிகள். குழுவில் எல்லோருக்கும் பட்டுச் சட்டை தைத்துக் கொடுத்து, போட்டுக்கொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது பாடி லேசாகவும் தலை கனமாகவும் உள்ள கிட்டார். ஸ்ட்ராப் மலிவான நைலான். பட்டின்மேல் நைலான் எப்படி இருக்கும் என்று ஒரு தறிக்காரன் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எண்ணெய் தடவிய கண்ணாடிமேல் வைத்த மாதிரி தோளில் ஓடியது. பாட்டுக்குப் பாட்டு தலை சரிய, நான் நெக்கைத் தாங்க, நாலாவது பாட்டில் வெடுக்கென்று மேலே இழுத்தேன். பின் பட்டனிலிருந்து ஸ்ட்ராப் கழன்றது. கிட்டார் மேடைப் பலகையில் விழுந்து, நட்டுக்குப் பின்னால் தலை ஒடிந்தது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து மாப்பிள்ளையின் தாய்மாமன் பலமாகக் கைதட்டினார்.

அதற்குப் பிறகு தோல் வார்தான். உள்பக்கம் சொரசொரப்பான தோல் எந்தச் சட்டையையும் பிடித்துக்கொள்ளும். தலை சாய்வது பெரும்பாலும் அதிலேயே நிற்கும். அகலம் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கனமான கிட்டாருக்கு மூன்று, மூன்றரை. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மூன்றரைக் கிலோ வாக்கில் இருக்கும். கிப்சன் லெஸ் பால் நாலு கிலோவைத் தாண்டும். நாலு மணி நேரக் கச்சேரியில் அந்த அரைக் கிலோவைத் தோள் நன்றாகவே கண்டுபிடிக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் முதுகில் விலாவுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு குழைவு இருக்கிறதல்லவா? 1954-இல் அது வருமுன் இருந்த பலகை மாதிரிக் கிட்டார்கள் விலாவில் குத்துகின்றன என்று வாசிப்பவர்கள் சொன்ன புகாருக்குக் கிடைத்த பதில் அது. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார். எங்கள் ஊர்த் தறி ஆசாரிக்கும் நெய்யத் தெரியாது.

பட்டனில் ஸ்ட்ராப்பை மாட்டி, அதன்மேல் ஒரு ரப்பர் வாஷரை இறுக்கமாகப் போட்டுவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். என் கிட்டார் தலை ஒடிந்தது அந்தச் சில்லறைக் காசைச் செலவழிக்காததால்.

சர்ச்சில் ஆராதனைக்கு வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் நிற்கிறீர்கள். உங்களுடையது பெரும்பாலும் அக்கூஸ்டிக். கனம் இரண்டு கிலோ சொச்சம்தான், ஆனால் பாடி தடிமன். தோளை முன்னால் தள்ளி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிப்பதால் உங்களுக்கு வலி மணிக்கட்டைவிடத் தோளில் வரும். அதனால் எலெக்ட்ரிக்கைவிடக் கொஞ்சம் மேலே வையுங்கள். முன் பட்டன் இல்லாத கிட்டாரில் ஸ்ட்ராப்பை ஷூ லேஸால் தலையில் கட்டியிருப்பீர்கள். அது முதல் ஃப்ரெட் பக்கம் கையை இடிக்கும். உயரமும் வாரத்துக்கு ஒரு மாதிரி மாறும். நெக் பாடியோடு சேரும் குதிகால் மாதிரியான இடத்தில் ஒரு பட்டன் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா ஸ்க்ரூவை முறுக்காதீர்கள், மரம் பிளக்கும். முதலில் சின்னதாகத் துளை போட வேண்டும். எனக்கு ஒரு தறி ஆசாரிதான் போட்டுக்கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார்.

தங்கைகளே, கடையில் நீட்டுகிற கிட்டார் எல்லாம் உங்கள் உடம்பை நினைத்துச் செய்ததல்ல. பெரிய அக்கூஸ்டிக் பாடியில் வலக்கை தோளோடு தூக்கிக்கொண்டால், உயரத்தை மாற்றிப் புண்ணியமில்லை. சின்னப் பாடிக் கிட்டாருக்கு மாறுங்கள். துப்பட்டாமேல் ஸ்ட்ராப்பைப் போடாதீர்கள். துப்பட்டாவும் நழுவும், கிட்டாரும் நழுவும். அதை எதிர்த் தோளில் பின் குத்திவிட்டு மாட்டுங்கள்.

பேஸ் வாசிப்பவர்களுக்கு நெக் இன்னும் நீளம். சாதாரண எலெக்ட்ரிக்கில் தந்தி நீளம் இருபத்தைந்தரை அங்குலம் என்றால் பேஸில் முப்பத்துநாலு. கீழே இறக்க இறக்க முதல் ஃப்ரெட் எட்டிப்போகும். உங்களுக்கு உயரத்தைவிட நெக்கின் சாய்வு முக்கியம். பால் மெக்கார்ட்னி அந்த லேசான ஹோஃப்னர் பேஸை எங்கே வைத்து வாசித்தார் என்று ஒரு பழைய வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைல் வேண்டாமா என்று ஒரு தம்பி என்னிடம் நேரடியாகவே கேட்டார். வேண்டும். மேடையில் நிற்பவன் பார்க்கவும் நன்றாக இருக்கத்தான் வேண்டும். நானும் பெல்பாட்டம் போட்டவன்தான். சோதித்துப் பார்த்த உயரத்திலிருந்து ஒரு துளை இறக்கிக்கொள்ளுங்கள், கண்டிப்பாகத் தடுக்க மாட்டேன். மூன்றாவது துளை இறக்கும்போது எஃப் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கினால் நிறுத்துங்கள். இன்னொன்று: வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து ஆறு மாதம் பயிற்சி செய்துவிட்டு மேடையில் முதல்முறையாக நிற்பவர்கள்தான் உங்களில் பாதிப்பேர். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடமாவது நின்று வாசியுங்கள். கச்சேரிக்குப் போடும் அதே சட்டை, அதே ஸ்ட்ராப்.

நம் திருவோத்தூரில் சம்பந்தர் பாடி ஆண்பனை குலை தள்ளியதாகச் சொல்வார்கள். அவர் நின்று பாடினாரா, உட்கார்ந்து பாடினாரா என்று எனக்குத் தெரியாது. எப்படியும் அவர் தோளில் நாலு கிலோ தொங்கவில்லை. விரல் மரத்தால், ராத்திரியில் கூசினால், “போகப் போகச் சரியாகும்” என்று இருந்துவிடாதீர்கள். எனக்கு அப்படிச் சொன்ன அண்ணன்மார்கள் நிறைய. இன்று நான் எஃப் பிடிக்கிறதில்லை, பாட்டின் ஸ்ருதியை மாற்றித் தப்பிக்கிறேன். வலி இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். போகும்போது வாசிக்கிற மாதிரி நின்று காட்டுங்கள்.

ஸ்ட்ராப்புக்கு வெளியூர் அலைய வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் நமக்குப் பக்கம்தான்; நல்ல தோல் வாங்கிக் கொடுத்தால் செருப்புத் தைக்கும் பெரியவர் யாரும் ஒரு மணி நேரத்தில் வார் தைத்துக்கொடுப்பார். போகும்போது கிட்டாரையும் கூடவே எடுத்துப் போங்கள். அவர் எதிரே மாட்டி, நின்று, எஃப் பிடித்துக் காட்டுங்கள். துளையை அதற்குப் பிறகு போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ரிதம் கிட்டார் அண்ணன்,
செய்யாறு